ஒளியின் விலை – 17: ஓர் ஆல்பமும் எட்டு மாடிகளும்

சென்ற வாரம் 1972-ல் நிறுத்தியிருந்தோம். விட்ட இடத்தை நினைவுபடுத்திக்கொள்ள நாலு வரி.

சாம் வாக்ஸ்டாஃப் நியூயார்க்கின் வசதியான வீட்டுப் பிள்ளை. யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதிகாரியாக நார்மண்டியின் ஒமாஹா கடற்கரைக்குப் போய்த் திரும்பியவர். விளம்பரத் தொழிலில் சில ஆண்டுகள் இருந்து வெறுத்துப்போய், நாற்பதை நெருங்கும் வயதில் கலை வரலாறு படித்து அருங்காட்சியகக் காப்பாட்சியரானார். டெட்ராய்ட்டில் ஒரு சிற்பிக்காக முப்பது டன் கல்லை அருங்காட்சியகத்துப் புல்வெளியில் இழுக்கவிட்டார். புல்வெளி நாசமானது. அறங்காவலர்கள் கொதித்தார்கள். 1971-ல் அந்த வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு நியூயார்க் திரும்பினார்.

ராபர்ட் மேப்பிள்தார்ப் குவீன்ஸ் பகுதியின் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். கலைக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பட்டி ஸ்மித் என்ற இளம் கவிஞருடன் செல்சீ ஹோட்டலின் சின்ன அறையில் பசியைப் பங்குபோட்டுக்கொண்டவர்.

இருவருக்கும் பிறந்தநாள் நவம்பர் 4. ஒருவர் 1921, மற்றவர் 1946. நடுவில் சரியாகக் கால் நூற்றாண்டு. 1972-ல் சந்தித்தார்கள், காதலர்களானார்கள். அந்த ஆண்டே பாண்ட் தெருவில் ஒரு மாடியை 15,000 டாலருக்கு வாங்கி மேப்பிள்தார்ப்பைக் குடியேற்றினார் வாக்ஸ்டாஃப். இந்தத் தொகையை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

* * *

இந்தக் கதையை வழக்கமாக எப்படிச் சொல்வார்கள் என்றால், பணக்காரப் புரவலர், ஏழைக் கலைஞன், ஒரு கேமரா, பிறகு புகழ். சொல்ல வசதியான கதை. ஆனால் தொடக்கத்தில் இருவருக்குமே புகைப்படம் ஒரு பொருட்டாக இல்லை என்பதை அது மறைத்துவிடுகிறது.

மேப்பிள்தார்ப் தன்னைச் சிற்பி என்று நினைத்துக்கொண்டிருந்தார். நியூயார்க்கின் 42-ஆம் தெருக் கடைகளில் ஆண் உடல்களைக் காட்டும் இதழ்களை வாங்கிவந்து, வெட்டி, ஒட்டி, மேலே வண்ணம் தெளித்துப் படங்கள் செய்வார். இதழ்களுக்கு ஆகும் செலவு கையைக் கடித்தது. நாமே படம் எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். ஹோட்டலில் அக்கம்பக்கத்தில் இருந்த சாண்டி டேலி என்ற கலைஞர் தன் போலராய்டு கேமராவை இரவல் கொடுத்தார். அது 1970. அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலராய்டுகள். தொடங்கியபோது அவருக்கு அது வெட்டி ஒட்டுவதற்கான கச்சாப்பொருள்.

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அச்சுப்படப் பிரிவுக்கு அப்போது காப்பாட்சியராக இருந்தவர் ஜான் மெக்கென்ட்ரி. மேப்பிள்தார்ப்பிடம் அவருக்குப் பிரியம். பொதுமக்கள் பார்க்க முடியாத பெட்டகங்களைத் திறந்து பழைய புகைப்பட அச்சுகளைக் காட்டினார். ஸ்டீக்லிட்ஸ் எடுத்தவை, அவர் காலத்தவர் எடுத்தவை. காகிதத்தைக் கையில் ஏந்திப் பார்த்த அந்த மதியங்களில்தான் பையனுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்க வேண்டும்.

வாக்ஸ்டாஃப் விஷயம் வேறு. ஓவியம் தெரியும், சிற்பம் தெரியும். 1964-ல் ஹார்ட்ஃபோர்டில் ‘பிளாக், ஒயிட் அண்ட் கிரே’ என்ற கண்காட்சியை வைத்தவர். கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறமே கூடாது என்று அவர் தேர்ந்தெடுத்த படைப்புகள் பிற்பாடு மினிமலிசம் என்று பெயர் பெற்ற போக்கின் முதல் பெரிய மேடையாயின. அப்படிப்பட்டவருக்குப் புகைப்படம் என்றால் ஓவியங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி. கலை என்ற வரிசையில் அதற்கு நாற்காலி போடவில்லை.

போலராய்டுகளை எடுத்துவந்து அவர் முன் பரப்பியது மேப்பிள்தார்ப். பார், பார் என்று நச்சரித்ததும் அவர்தான்.

* * *

1973 ஜனவரி. மெட்ரோபாலிட்டனில் ஒரு கண்காட்சி. 1890 முதல் 1914 வரை ஓவியம்போல் எடுக்கப்பட்ட புகைப்படங்கள். அமைத்தவர் வெஸ்டன் நேஃப் என்ற இளம் காப்பாட்சியர். இந்தப் பெயரும் பின்னால் வரும்.

வாக்ஸ்டாஃப் உள்ளே போனார். ஒரு படத்தின் முன் நின்றார்.

எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த ‘ஃபிளாட்டைரன்’. 1902-ல் கட்டி முடித்த முக்கோணக் கட்டடம் மங்கிய மாலையில் எழுந்து நிற்கிறது. அதன் உச்சி படத்துக்குள் அடங்கவில்லை. முன்னால் ஈரச் சாலை. உயரத் தொப்பி அணிந்த வண்டிக்காரர்களின் நிழலுருவங்கள். குறுக்கே இலையுதிர்ந்த ஒரு கிளை, தூரிகையால் ஓர் இழுப்பு இழுத்ததுபோல.

எடுத்தது 1904-ல். அக்காலத்தில் வண்ணப் படச்சுருள் ஏது? ஸ்டைக்கன் முதலில் பிளாட்டினம் அச்சு போட்டார். பிறகு கோந்தில் நிறமியைக் கரைத்து அதன்மேல் பூசி, மறுபடி ஒளி காட்டி, கழுவி எடுத்தார். மெட்ரோபாலிட்டனில் இருக்கும் மூன்று அச்சுகளும் ஒரே நெகட்டிவிலிருந்து வந்தவை. ஆனால் மூன்றிலும் மூன்று அந்திகள். ஒன்றில் நீலம் கவிந்திருக்கிறது, இன்னொன்றில் பச்சை. மூன்றையும் 1933-ல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் ஸ்டீக்லிட்ஸ்.

தன்னைப் புகைப்படத்தின் பக்கம் திருப்பியது இந்தப் படம்தான் என்று வாக்ஸ்டாஃப் பிற்பாடு சொல்லிவந்தார். மதம் மாறியவர் பேசுவதுபோல் பேசுவார் என்பார்கள்.

எனக்கு அதில் பெரிய வியப்பில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் போதும் என்று தீர்மானித்த கண் அது. ஓவியர்களிடமும் சிற்பிகளிடமும் அவர் தேடிக்கொண்டிருந்த சிக்கனம் எழுபது ஆண்டு பழைய காகிதத்தில் ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்க்க யாராவது அவரைக் கொஞ்சம் தயார்படுத்த வேண்டியிருந்தது. முந்தைய சில மாதங்களில் அந்த வேலையை ஓர் இருபத்தைந்து வயதுப் பையன் போலராய்டுகளை வைத்துச் செய்து முடித்திருந்தான்.

அதே மாதம் நியூயார்க்கின் லைட் காலரியில் மேப்பிள்தார்ப்பின் போலராய்டுகள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அவருடைய முதல் தனிக் கண்காட்சி. புகைப்படத்துக்கென்று கடை திறந்த காலரிகளை அன்றைய நியூயார்க்கில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

* * *

பிறகு வாங்கத் தொடங்கினார்.

வாங்கினார் என்றால் கொஞ்ச நஞ்சமல்ல. நியூயார்க், லண்டன், பாரிஸ். புகழ்பெற்ற வணிகர்களிடமும் வாங்கினார், பழைய சாமான் கடைகளிலும் குந்தி உட்கார்ந்து கிளறினார். நடார் எடுத்த முகங்கள், லெ க்ரேயின் கடல்கள், ஃபிரெடெரிக் எவான்ஸின் தேவாலயப் படிக்கட்டுகள், ஈக்கின்ஸ் என்ற ஓவியர் எடுத்த உடல்கள். கூடவே, எடுத்தவர் பெயரே தெரியாத அனாதைப் படங்கள். பெயரைப் பார்த்து வாங்குவது அவருக்குப் பிடிக்காது. படம் பேசினால் சரி.

பணம் குடும்பச் சொத்திலிருந்து வந்தது. பொருளோ சல்லிசு. ஒரு நடுத்தர ஓவியத்தின் விலைக்கு அறை நிறையப் பத்தொன்பதாம் நூற்றாண்டை அள்ளிக்கொண்டு வரலாம். ஓவியங்களை விற்றார், அந்தக் காசுக்கும் புகைப்படம் வாங்கினார். பித்துப் பிடித்துவிட்டது என்று பழைய நண்பர்கள் நினைத்திருந்தால் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன்.

இந்தப் பயணங்களில் மேப்பிள்தார்ப் கூடவே போனார். இதுதான் நாம் நிதானிக்க வேண்டிய இடம். புகைப்பட வரலாற்றை அவர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. ஏலத்துக்கு வந்த பெட்டிகளைப் புரட்டிப் புரட்டிப் படித்தார். நூற்றுக்கணக்கான அச்சுகளைப் பார்க்கும் இருவரில் ஒருவர் ஒன்றை எடுத்து நீட்ட, மற்றவர் உதட்டைப் பிதுக்க, பத்தில் ஒன்று தேறும். எது நல்ல அச்சு, எது சுமார், பக்கவாட்டு ஒளி ஒரு கன்னத்தில் எங்கே முடிய வேண்டும், பின்னணியில் எவ்வளவு வெறுமை தாங்கும் என்பதெல்லாம் அந்தப் புரட்டலில் ஊறியவை. காசு கொடுப்பவர் பெரியவர். கறாராகத் தள்ளுபவர்களில் இளையவருக்கும் பங்கு உண்டு.

யார் குரு, யார் சீடன் என்று இங்கே கேட்டால் எனக்குப் பதில் வராது.

* * *

1974 அக்டோபர். லண்டன். சதபீஸ் ஏலக்கூடம்.

ஏலத்துக்கு வந்தது ஒரு பழைய ஆல்பம். அதன் கதையைச் சொல்லிவிட்டுச் சுத்தியலுக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். இருபத்தொரு வயதில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் வானியலாளர் ஜான் ஹெர்ஷலைச் சந்தித்தார். ஆயுளுக்கும் நீடித்த நட்பு. ஹைப்போ என்று டார்க்ரூமில் சொல்வார்களே, அந்த உப்பு வெள்ளிச் சேர்மங்களைக் கரைக்கும் என்று 1819-லேயே கண்டறிந்தவர் ஹெர்ஷல். படம் அழியாமல் நிலைப்பது அதனால்தான். புகைப்படக் கலை பிறந்த புதிதில் அதைப்பற்றி கல்கத்தாவில் இருந்த கேமரனுக்கு எழுதி, மாதிரிகளையும் அனுப்பிவைத்தார்.

கேமரனின் கைக்குச் சொந்தமாக ஒரு கேமரா வந்தது நாற்பத்தெட்டாம் வயதில், மகள் கொடுத்த பரிசாக. மறு ஆண்டு, 1864-ல், தன் சிறந்த படங்களை ஓர் ஆல்பமாகத் தொகுத்து ஹெர்ஷலுக்குக் காணிக்கையாக்கினார். 1867-ல் அதைத் திரும்ப வாங்கி, மேலும் படங்களைச் சேர்த்து மறுபடி கொடுத்தார். மொத்தம் 94 படங்கள். அந்த ஆண்டுதான் கிழட்டு ஹெர்ஷலின் வெள்ளை முடியைக் கழுவிப் பறக்கவிட்டு அந்தப் புகழ்பெற்ற முகத்தை எடுத்தார்.

கேமரனின் கடைசிக் காலம் நமக்குக் கொஞ்சம் பக்கத்தில். 1875-ல் கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குப் போய்விட்டார். களுத்துறையில் வீடு. அங்கேயும் கேமராவை விடவில்லை. தோட்டங்களில் வேலைசெய்த தமிழர்களையும் நிறுத்திப் படம் எடுத்தார். மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. முன்பு அவர் படமெடுத்த டென்னிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் உண்டு. இவர்களுக்குப் படத்தடியில் பெயர் கிடையாது. 1879-ல் இறந்த கேமரன் பொகவந்தலாவையின் தேவாலயத்து மண்ணில் கணவரோடு கிடக்கிறார், சுற்றிலும் இன்று தேயிலை.

ஆக, 1974-ல் ஏலத்துக்கு வந்தது மூத்தவர் ஒருவர் புகைப்படத்தை அறிமுகப்படுத்த, இளையவர் ஒருவர் நன்றியோடு செய்து தந்த ஆல்பம். வாங்க வந்திருப்பவர் யார்? வாக்ஸ்டாஃப். அவருக்கு அந்தப் பொருத்தம் உறைத்ததோ இல்லையோ, எழுதுகிற எனக்கு உறைக்கிறது.

விலை ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

52,000 பவுண்டு. சுத்தியல் இறங்கியது.

அன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,20,000 டாலர். பாண்ட் தெரு மாடிக்குக் கொடுத்தது நினைவிருக்கிறதா? அப்படி எட்டு மாடிகள் வாங்கலாம். புகைப்படத்துக்கு ஏலத்தில் அதுவரை அப்படியொரு விலை கிடைத்ததில்லை.

* * *

ஆனால் ஆல்பம் அமெரிக்கா போய்ச் சேரவில்லை.

பிரிட்டனில் ஒரு நடைமுறை உண்டு. நாட்டின் பெருமைக்குரிய கலைப்பொருள் வெளியே போகிறதென்றால் ஏற்றுமதி உரிமத்தை நிறுத்திவைத்து, அதே விலையை உள்நாட்டில் திரட்ட அவகாசம் கொடுப்பார்கள். ஓவியங்களுக்கு அப்படி நடந்திருக்கிறது. புகைப்படத்துக்கு நடந்ததில்லை. ஹெர்ஷல் ஆல்பம்தான் முதல். லண்டனின் தேசிய உருவப்பட காலரி பொதுமக்களிடம் கையேந்தியது. பணம் சேர்ந்தது. 1975-ல் ஆல்பம் நாட்டுடைமையானது.

வாக்ஸ்டாஃப் தோற்றார். தோற்றவர் செய்த வேலையைப் பாருங்கள். அவர் அந்த விலையைக் கேட்டிருக்காவிட்டால் ஆல்பம் ஏதோ ஒரு தனியார் அலமாரிக்குச் சத்தமில்லாமல் போயிருக்கும். கேமரன் செத்து நூறு ஆண்டு ஆகப்போகும் வேளையில், ஓர் அமெரிக்கர் கேட்ட விலையைப் பார்த்தபின்தான் அவர் தங்கள் சொத்து என்று ஒரு நாட்டுக்குத் தோன்றியது.

புகைப்படச் சந்தைக்கு அதன்பின் கால் முளைத்தது. வாஷிங்டன் வணிகர் ஹாரி லன் போன்றவர்கள் ஏற்கெனவே மோப்பம் பிடித்திருந்தார்கள். இப்போது ஓவியம் வாங்குபவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கால் எவ்வளவு தூரம் நடந்தது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு: வாக்ஸ்டாஃபை நிறுத்திவைத்த ‘ஃபிளாட்டைரன்’ படத்தின் இன்னோர் அச்சு 2022-ல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 18 லட்சம் டாலருக்குப் போனது.

* * *

1975. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ தொடங்கும் இடத்தில் ஓர் உயர்ந்த கட்டடம். அதன் மேல்மாடியில் வாக்ஸ்டாஃபின் வீடு. வெள்ளைச் சுவர்கள். அதிகம் தட்டுமுட்டு கிடையாது.

பட்டி ஸ்மித்தின் முதல் இசைத்தட்டு ‘ஹார்சஸ்’ வெளிவர இருந்தது. அட்டைக்குப் படம் வேண்டும். எடுக்க மேப்பிள்தார்ப். இடம் இந்த வீடு. பிற்பகல் வெயில் சன்னல் வழியே விழுந்து வெள்ளைச் சுவரில் ஒரு முக்கோணத்தை வரைந்திருந்தது. அந்த முக்கோணம் கரைவதற்குள் எடுத்தாக வேண்டும்.

விளக்கு கிடையாது. அலங்காரம் கிடையாது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் கறுப்பு நாடா, தோளில் போட்ட கறுப்பு மேல்சட்டை. பன்னிரண்டு சொடுக்குகள். முடிந்தது.

அந்த அட்டையை ராக் இசை ரசிகர்கள் ஒரு கலகக்காரியின் படமாகப் பார்க்கிறார்கள். அது சரிதான். ஆனால் நடாரின் பாரிஸ் முகங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெறுமையான பின்னணி, ஒரு பக்கத்து வெளிச்சம், உடையில் இருக்கும் நிதானம், நேராக நம்மைப் பார்க்கும் கண். வாக்ஸ்டாஃபின் பெட்டிகளிலிருந்த நூற்றாண்டுப் பழைய பாடம் அவர் வீட்டுச் சுவரிலேயே அரங்கேறிவிட்டது என்பது என் கணிப்பு. வேறு ஆதாரம் என்னிடம் இல்லை, கண்தான் ஆதாரம்.

எழுபதுகளின் நடுவில் மேப்பிள்தார்ப்பின் கைக்கு ஹாஸல்பிளாட் வந்தது. போலராய்டின் அவசரம் போய், சதுரச் சட்டத்தின் பொறுமை வந்தது. பூக்கள், முகங்கள், பிறகு உலகையே கொதிக்கவைக்கப்போகும் உடல்கள். 1977-ல் ஒரே சமயத்தில் நியூயார்க்கின் இரண்டு இடங்களில் அவர் படங்கள் தொங்கின: ஹாலி சாலமன் காலரியில் ஒன்று, ‘தி கிச்சன்’ என்ற மாற்று அரங்கில் மற்றொன்று.

இங்கே ஒரு நெருடலைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக இல்லை. காதலர் புகைப்படம் எடுக்கிறார். வாக்ஸ்டாஃப் புகைப்படங்களை வாங்கி, கண்காட்சி வைத்து, ஊர் ஊராகப் பேசி, அந்தக் கலையின் விலையையே உயர்த்துகிறார். கலைச் சந்தையில் இதை அன்பு என்பார்கள். பங்குச் சந்தையில் வேறு பெயர். வாக்ஸ்டாஃபிடம் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொன்னால் அவராலும் முடிந்திருக்காது. பணம் ஒருவரைப் புகைப்படக்காரராக அறிமுகப்படுத்தலாம், ஒரு துலிப் மலர்மேல் ஒளியை எங்கே நிறுத்துவது என்று கற்றுத்தராது என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

1978-ல் வாஷிங்டனின் கோர்கரன் காலரி வாக்ஸ்டாஃபின் சேகரிப்பைக் காட்சிக்கு வைத்தது. ஒரு தனிமனிதனின் ரசனை புகைப்பட வரலாற்றுக்கு மாற்று வரைபடமாகிச் சுவரேறியது. அதே கோர்கரன் 1989-ல் மேப்பிள்தார்ப்பின் கண்காட்சியைத் திறப்பதற்குமுன் ரத்து செய்யப்போகிறது. அது இன்னும் சில வாரம் தள்ளி.

* * *

அதற்குமுன் 1984-ஐக் கடக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் எண்ணெய்ப் பணத்தில் எழுந்த ஜே. பால் கெட்டி அருங்காட்சியகம் அதுவரை புகைப்படம் பக்கம் வரவே இல்லை. அந்த ஆண்டு ஒரே வீச்சில் உலகின் முக்கியமான தனியார் சேகரிப்புகள் பலவற்றை ரகசியமாக வளைத்துப்போட்டது. புதிய புகைப்படத் துறையின் முதல் காப்பாட்சியராக வந்தவர் வெஸ்டன் நேஃப். 1973-ல் ‘ஃபிளாட்டைரன்’ படத்தைச் சுவரில் மாட்டியவர்.

அப்படி வளைத்துப்போட்டவற்றில் ஒன்று வாக்ஸ்டாஃபுடையது. விலை ஐம்பது லட்சம் டாலர் என்று பேச்சு. பதினோரு ஆண்டுகள் கடை கடையாக, ஏலம் ஏலமாகத் தேடிச் சேர்த்த பல்லாயிரம் படங்கள் லாரியேறின. வாக்ஸ்டாஃப் அடுத்து வாங்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வெள்ளிப் பாத்திரங்கள்! கரண்டிகள், கிண்ணங்கள், தேநீர்க் கெண்டிகள்.

மேப்பிள்தார்ப் அப்போது புகழின் ஏணியில் வேகமாக ஏறிக்கொண்டிருந்தார். புகைப்படத்தின் விலையும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் பத்து ஆண்டு பொறுத்திருந்தால் பல மடங்கு கிடைக்கும் என்று அந்தச் சந்தையை உருவாக்கியவருக்கே தெரியாதா? சலித்துவிட்டதா? அல்லது, நியூயார்க்கில் அவருடைய நண்பர்கள் ஒவ்வொருவராகப் படுக்கையில் விழத் தொடங்கியிருந்த அந்த ஆண்டுகளில், தனக்கு மிச்சமிருக்கும் காலத்தைப் பற்றி அவருக்கு ஏதாவது தெரிந்திருந்ததா?

(தொடரும்)